தந்தி எழுத்தர் வசுமதி வந்த ஆண்டு

‘ஆற்றங்கரை அஞ்சலகம்’ என்னும் திரைப்படம் வெளியாகி இருபத்தோர் ஆண்டுகள் நிறைந்த ஞாயிற்றுக்கிழமையன்று, கோபிசெட்டிபாளையம் கடைவீதியில் ராக்கியப்பனின் பேக்கரிக்குப் பின்புறம் மைதா மூட்டைகள் அடுக்கியிருந்த அறையில், அதன் ரசிகர் மன்றத்தார் பதினேழு பேரும் ஒன்றுமே ஓடாத திரையைப் பார்த்தபடி அமர்ந்திருந்த இருபத்தொன்பது நிமிடங்களுள் பதினான்காம் நிமிடத்தில், அந்தப் படத்திலிருந்து வெட்டி நீக்கப்பட்ட வசுமதி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

ஒன்றுமே ஓடாத திரையைப் பார்ப்பது அம்மன்றத்தின் ஆண்டு வழக்கம். மற்ற ஊர்களில் மன்றங்கள் நடிகர்களுக்கு இருந்தன. அந்த மன்றத்தார் கட்-அவுட்டுக்குப் பாலூற்றினார்கள், பட்டாசு கொளுத்தினார்கள், பிறந்தநாளில் இரத்ததானம் செய்தார்கள். இம்மன்றமோ ஒரு படத்துக்கு மட்டும் அமைந்தது; அந்தப் படத்திலும் பெயர்பெற்ற நடிகர் எவரும் இல்லை. கோபியைச் சுற்றி நாற்பது நாள் எடுக்கப்பட்டு, வீட்டுக்கொரு கட்டிலும் தெருவுக்கொரு எருமையும் கடன் வாங்கி, பதினொரு நாள் மட்டும் ஓடிய படம் அது. இரண்டு மணி நாற்பது நிமிடம் நீண்ட படத்தைத் திரையரங்கத்தார் நெடிது என்று சொல்லிவிட, வெளியீட்டுக்கு முந்தின நாள் இருபத்தொன்பது நிமிடங்களைக் கத்தரித்து எடுத்துவிட்டார்கள். அதனால் திரையரங்கில் பார்த்தவர்களுக்குக் கதாநாயகன் நனைந்த குடையோடு அஞ்சலகத்தின் படியில் ஏறினான். மறுகணமே உலர்ந்த சட்டையோடும் மனைவியோடும் இரயிலில் போய்க்கொண்டிருந்தான். பின்னர் வந்த விசிடியிலும் அவ்வாறே ஏறினான், அவ்வாறே போனான். இடையில் நடந்தவை எவையென்று ஊரில் எவருக்கும் தெரியாது. எனவே ஆண்டுதோறும் குடைக்காட்சி வந்தவுடன், கைப்பேசி பழுதுபார்க்கும் யூசுப் பாய் திரையை அணைப்பார். பதினேழு பேரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருபத்தொன்பது நிமிடம் பேசாமல் இருப்பார்கள். அதன்பின் இரயிலிலிருந்து தொடர்வார்கள். இல்லாததைத் தாண்டிப் போவது கத்தரிக்கோலுக்கு உடன்படுவதாகும் என்பது மன்றத்தின் முதல் தீர்மானம். அதை எழுதியவள் கலாமணி.

கலாமணி நீதிமன்றத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை நடத்துபவள், ஊராருக்கு மனு எழுதித் தருபவள், மன்றத்தின் செயலாளர். தேதியில்லாத தாளை அவள் தாளென்றே மதிப்பதில்லை. இருபத்தோர் ஆண்டுகளாகச் சென்னையிலுள்ள டிவிடி வட்டு நிறுவனத்துக்கு அவள் கையால் போன மனுக்களில் மன்றத்தின் ஆசைகள் வரிசையெண்ணோடு நின்றன. நீக்கப்பட்ட காட்சிகள் அனைத்தும் வேண்டும். இயக்குநரின் விளக்கவுரை வேண்டும். படம் உருவான கதையைக் கூறும் சிறுபடம் வேண்டும். கையில் எடுத்தால் கனக்கும்படி ஒரு கையேடு வேண்டும். என்ன குறையிருந்தாலும் காட்சிகள் உள்ளவாறே வேண்டும். ராக்கியப்பனுக்கு அந்தச் சிறுபடத்தின்மீதே கண். படப்பிடிப்புக் குழுவுக்கு நாற்பது நாளும் அவர் கொடுத்த தேங்காய் பன், யார் கையிலாவது ஒருமுறை தெரிந்துவிட்டால் போதும் என்றிருந்தார். யூசுப் பாய்க்கு மழை ஓசை ஆறு திசையிலிருந்தும் கேட்க வேண்டும்.

கலாமணியோ கூட்டங்களில் திரையின் அகல உயர விகிதத்தைப் பற்றி மட்டுமே பேசினாள். அவளுடைய உண்மையான ஆசை வேறென்பது பதினாறு பேருக்கும் தெரியும். தெரியுமென்பதை ஒருவரும் காட்டிக்கொண்டதில்லை. மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டிவந்த அவள் கணவன் நல்லசிவம், அந்தப் படத்தில் தந்தி கொடுக்க வந்த ஒருவனாக நின்று ஒரு வசனம் பேசியிருந்தான். என்ன பேசினாய் என்று அவள் கேட்டபோதெல்லாம், “படம் வரட்டும் புள்ள, பாத்துக்க” என்று சிரித்தான். படம் வந்தது, அவன் வரவில்லை. அவனிருந்த காட்சி இருபத்தொன்பது நிமிடங்களுக்குள் போயிருந்தது. “டிவிடி வருமல்ல, அதுல போடுவாங்க, அப்பப் பாத்துக்க” என்று அப்போதும் சிரித்தவன், மூன்றாம் ஆண்டு மஞ்சள் காமாலையில் இறந்துபோனான். சென்னிமலையில் எளிமையாக நடந்த திருமணத்துக்கு வீடியோ எடுக்கவில்லை. நல்லசிவம் நடந்து, திரும்பி, வாய்திறந்து பேசுகிற படம் உலகத்தில் அந்த ஒன்றுதான். அதை அவள் ஒருமுறையும் பார்த்ததில்லை.

இப்படியிருக்கையில்தான் வசுமதி வந்தாள். இருபத்தேழு வயது, கடுகுநிறக் கைத்தறிப் புடவை, வலது சுட்டுவிரலில் மைக்கறை. வெளியே வானம் மூடியிருந்தும் அவள் முகத்தின் இடப்பக்கம் மட்டும் காலை எட்டரை மணி வெயில் விழுந்திருந்தது. ஒளிப்பதிவாளர் அன்று அப்படித்தான் வைத்திருந்தாராம். நடந்தால் காலடி ஓசை இல்லை. வளையல் ஓசையும் இல்லை. வெட்டுப்பட்ட காட்சிகளுக்கு ஒலிச்சேர்க்கை செய்யும் வேலை நடக்கவேயில்லை. வாயைத் திறந்தால் குரலோடு கேமரா சுழலும் மெல்லிய இரைச்சலும், இருபத்தோர் ஆண்டுக்கு முன் படப்பிடிப்பு நடந்த இடத்தில் கத்திய ஒரு காக்கையும் சேர்ந்து கேட்டன.

“என்னைக் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தது நீங்கள்தானே?” என்றாள். காக்கை கத்தியது. “வந்துவிட்டேன்.”

அறையில் ஒருவரும் அசையவில்லை. இன்னும் பதினைந்து நிமிடம் மீதியிருந்தது. வழக்கத்தை மீற அவர்களுக்கு மனமில்லை. வசுமதியும் அதைப் புரிந்துகொண்டவளாய் ஒரு மைதா மூட்டையின்மேல் அமர்ந்து, எல்லாரோடும் சேர்ந்து ஒன்றுமில்லாத திரையைப் பார்த்தாள். நேரம் முடிந்ததும் ராக்கியப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“அம்மிணிக்கு டீயில சக்கரை போடட்டுங்களா?”

“தெரியவில்லையே. நான் தேநீர் குடிப்பதாகக் காட்சி எதுவும் இல்லை.”

“அப்ப ரெண்டு ஸ்பூன் போடறனுங்க. மொதல் டீ, தித்திப்பா இருக்கட்டும்.”

கோபிக்குப் படத்தில் வருகிறவர்கள் புதியவர்கள் அல்லர். அறுபது ஆண்டாக அந்த ஊர் அரசர்களுக்கும் ஊமைப்பெண்களுக்கும் வில்லன்களுக்கும் வீடு வாடகைக்குக் கொடுத்திருக்கிறது. அரசன் லுங்கியோடு பல் துலக்கியதைப் பார்த்திருக்கிறது. ஆகவே ‘சூட்டிங்காரப் பொண்ணு ஒருத்தி கலாமணியக்கா மாடியில இருக்குறா’ என்பதற்குமேல் ஊர் கேள்வி கேட்கவில்லை. அவ்வேடத்தில் நடித்த பெண்ணைத் தேடி யூசுப் பாய் தொலைபேசியில் கூப்பிட்டார். அந்த அம்மாள் கனடாவில் பேரனுக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தார். “நான் இங்கதான் இருக்கேன், அது நான் இல்லை, நல்லா பாத்துக்கங்க அவளை” என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஊர் நன்றாகவே பார்த்துக்கொண்டது. செவ்வாய்தோறும் மின்சாரம் நிறுத்தும் நாளில், ஊசியில் நூல் கோக்க வேண்டியவர்களும், அரிசியில் கல் பொறுக்க வேண்டியவர்களும், மூக்குக்கண்ணாடியின் ஆணியைத் தேடுகிறவர்களும் முறத்தோடும் பெட்டியோடும், கலாமணிக்கு உதவியாக அவள் இருந்த ஜெராக்ஸ் கடைக்கு வந்து, அவளுக்கு இடப்பக்கமாக அந்த எட்டரை மணி வெயிலில் அமர்ந்தார்கள். ஸ்டூடியோக்காரர் மணப்பெண்களை அழைத்துவந்து, “சும்மா கொஞ்சம் பக்கத்துல நில்லுங்கம்மிணி, மொகம் தெளிவா வுழும்” என்று கெஞ்சினார். கைக்குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு எழுந்து வர முடியாத தாய்மார்கள், ஓசையில்லாமல் நடக்கத் தெரிந்த ஒரே ஆள் என்று அவளை அழைத்துப்போனார்கள். அவள் தூங்கிய பிள்ளைகளைத் தொட்டிலில் இட்டுவிட்டு, வளை குலுங்க வெளியே வந்தாள். ஒரு பிள்ளையும் விழித்ததில்லை. அவள் பேசும்போது கத்தும் காக்கைக்கு ஊர்க் காக்கைகள் கம்பியில் வந்தமர்ந்து பதில் சொல்லப் பழகின. ராக்கியப்பன் அவற்றுக்கு உடைந்த ரஸ்க்கைப் போட்டார். குடும்ப அட்டைக்கு எழுத வந்த அலுவலர் பிறந்த இடம் எது என்று கேட்டபோது, வசுமதி “மூன்றாம் சுருள்” என்றாள்; அவர் பேனாவை வைத்தார். “எந்தத் தாலுக்காவுங்க அது?” என்றார். “கோபிதான்” என்றாள் கலாமணி. அவர் எழுதிக்கொண்டார்.

தந்தி எழுத்தராக எழுதப்பட்டவளாதலால் வசுமதிக்குச் சொற்சிக்கனம் கைவந்திருந்தது. நான்கு பக்கம் அழுதுகொண்டு வந்தவர்களின் வழக்கை அவள் ஏழே சொல்லில் எழுதித் தந்தாள். வட்டாட்சியர் அலுவலகத்தில் முதன்முறையாக மனுக்களை முழுவதும் படித்தார்கள். கலாமணிக்கு அவளைப் பிடித்துப்போனதற்கு இதுவே பெரிய காரணம். மற்றொரு காரணத்தை அவள் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

“நீங்கள் நல்லசிவத்தின் மனைவிதானே அக்கா?” என்று வந்த இரண்டாம் வாரமே வசுமதி கேட்டாள். “முதல் நாளே தெரிந்துவிட்டது. என் தந்திக் கவுண்டருக்கு வந்தவர்களில் அவர் ஒருவர்தான் ‘சரியாச் சொல்றனுங்களா’ என்று ஒவ்வொரு டேக்குக்கும் நடுவில் என்னிடம் கேட்டார். ஏழு டேக். எனக்கு அது சற்று முன்பு நடந்ததைப் போல இருக்கிறது.”

கலாமணி கையிலிருந்த தாள்கட்டை மேசையில் தட்டி அடுக்கினாள்.

“என்ன சொன்னார் என்று சொல்லட்டுமா?”

“வேண்டாம்.”

“ஒரு வரிதான் அக்கா.”

“வேண்டாம்னு சொல்றனல்ல? பாக்காத படத்தோட கதைய மத்தவங்க சொல்லி நான் கேக்கமாட்டேன். மன்றத்துல அதுக்குன்னு ஒரு விதியே இருக்குது. அவரு சொல்லி நான் கேக்கோணும்.”

வரியைத்தான் வேண்டாமென்றாள். ஏழு டேக்குகளுக்கும் இடையில் நடந்தவற்றை நாளுக்கொன்றாக அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். மூன்றாம் டேக்குக்குமுன் அவன் வேட்டியை அவிழ்த்துக் கட்டினான். நான்காம் டேக்கில் எருமை கத்தியதால் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறாம் டேக்குக்குப்பின் யாரோ கொடுத்த பன்னில் பாதியைப் பிய்த்து மடியில் வைத்துக்கொண்டான். அந்தப் பாதிப் பன்னை அன்று மாலை தான் உண்டது கலாமணிக்கு நினைவிருந்தது. எந்த வட்டிலும் எந்த நிறுவனமும் தர இயலாத கூடுதல் பகுதிகள் அவை. கலாமணி அவற்றைத் தேதியிட்டு எழுதிவைத்தாள்.

ஐப்பசியில் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. மன்றத்தின் வேண்டுகோளை நிறுவனம் ஏற்றுக்கொண்டது; மூலச்சுருள்கள் ஒரு கிடங்கில் கிடைத்துவிட்டன; விளக்கவுரையும் கையேடும் ஆயத்தமாகின்றன. இதை ராக்கியப்பன் கேள்விப்பட்டிருந்தால் பேக்கரியில் அன்று எல்லாருக்கும் எல்லாம் இலவசமாயிருக்கும். ஆனால் கடிதத்தில் இரண்டாம் பத்தி ஒன்றிருந்தது. நீக்கப்பட்ட காட்சிகளில், காரணம் அறிய இயலாத வகையில், தந்தி எழுத்தரின் நாற்காலி காலியாக உள்ளது. வருவோர் அனைவரும் வெற்று நாற்காலியிடம் பேசுகின்றனர். இவ்வாறிருக்கும் காட்சிகளை வெளியிடுதல் நிறுவனத்தின் பெயருக்கு இழுக்காகும். மாதத்தின் கடைசி நாளுக்குள் நிலைமை சீராகாவிடில் இருபத்தொன்பது நிமிடங்களையும் விடுத்து எஞ்சியவற்றை மட்டும் வெளியிடுவோம்.

மன்றத்துக்கு வரும் ஒவ்வொரு தாளையும் வந்த நாளிலேயே பதிவேட்டில் ஏற்றிவந்த கலாமணி, அந்தக் கடிதத்தை ஏற்றவில்லை. ஜெராக்ஸ் இயந்திரத்தின் தாள்தட்டில், வெள்ளைத்தாள்களுக்கு அடியில் வைத்துவிட்டாள். நான்கு நாள் அது அங்கேயே இருந்தது. அந்த நான்கு நாளும் எதிர்மேசையில் எட்டரை மணி வெயிலோடு அமர்ந்து விதவை உதவித்தொகைக்கும் பட்டா மாறுதலுக்கும் மனு எழுதிக்கொண்டிருந்த வசுமதியைப் பார்க்கும்போதெல்லாம், கலாமணிக்கு அந்தப் பெண்ணின்மேல் அன்பும், அவள் இங்கே அமர்ந்திருப்பதனாலேயே அங்கே இல்லை என்னும் கணக்கும் ஒன்றாகவே எழுந்தன. அவள் போய்விட்டால் நல்லசிவம் வருவான். அவள் இருந்தால் நல்லசிவம் மறுபடியும் கத்தரிக்கப்படுவான். இதைவிட எளிய வாக்கியத்தைக் கலாமணி தன் வாழ்நாளில் எழுதியதில்லை. இதைவிடக் கொடியதையும் எழுதியதில்லை.

ஐந்தாம் நாள் வெள்ளைத்தாள் தீர்ந்து, இயந்திரம் அந்தக் கடிதத்தையே இழுத்து, அதன் பின்புறத்தில் ஒரு பட்டாவின் படியை எடுத்து வெளியே தள்ளிற்று. அதை எடுத்தவள் வசுமதி.

படித்தாள். ஏழே சொல்லில் எழுதுகிறவள் ஒரு கடிதத்தைப் படிக்க அத்தனை நேரம் எடுத்துக்கொண்டு கலாமணி பார்த்ததில்லை.

“முன்பே சொல்லியிருக்கலாமே அக்கா” என்றாள். “நாளை காலை ஈரோடு பேருந்தில் ஏறிச் சுருளுக்கே திரும்பிவிடுகிறேன்.”

கலாமணி ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. “மத்தியானத்துக்குத் தயிர்சாதம் கட்டித் தர்றேன்” என்றாள்.

காலையில் பேருந்து நிலையத்துக்கு அவளை அனுப்பிவிட்டு, கலாமணி கடைக்கு வந்து தேதிமுத்திரையை மாற்றிவிட்டு அமர்ந்தாள். அன்று செவ்வாய்க்கிழமை, ஒன்பது மணிக்கு மின்சாரம் நின்றது. முறத்தோடு வந்த பெண்கள் எதிர்மேசையைப் பார்த்துவிட்டு, இருட்டில் நின்றார்கள்.

“அம்மிணி எங்கீங்கக்கா? நூல் கோக்கோணும்.”

“ஊருக்குப் போறா.”

“எந்த ஊருக்குங்க? அவளுக்கு இதுதானுங்களே ஊரு.”

கலாமணி எழுந்து, கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு, பேருந்து நிலையத்துக்கு விரைந்தாள். ஈரோடு வண்டி உறுமிக்கொண்டு நின்றது. எந்த இருக்கை என்று தேட வேண்டியிருக்கவில்லை. மேகம் கவிந்த அந்தக் காலையில் ஒரே ஒரு சன்னல்தான் வெயிலோடு இருந்தது. வசுமதிக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த அம்மாள் அந்த வெளிச்சத்தில் வெற்றிலைக்கு நரம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“எறங்கு” என்றாள் கலாமணி.

“அக்கா, மாதம் முடிய ஆறு நாள்தான் இருக்கிறது.”

“எனக்குத் தெரியும். எறங்கு.”

நடத்துநர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். “ஏனுங்கக்கா, ஏர்றீங்களா, எறங்கறீங்களா? வண்டி என்ன உங்க கடைங்களா, நின்னு பேசறதுக்கு?”

“ரெண்டு நிமிசம் பொறு கண்ணு. உங்க அப்பாவுக்குப் பென்சன் மனு எழுதுனது இந்தப் புள்ளதான்.”

நடத்துநர் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, ஓட்டுநரிடம் டீ குடிக்கச் சொன்னார்.

“நான் போனால் அவர் தெரிவார் அக்கா. இருபத்தோர் ஆண்டாக நீங்கள் எழுதியதெல்லாம் அதற்காகத்தானே?” வசுமதியின் குரல் தாழ்ந்திருந்தது, அதனால் காக்கையின் குரலும் தாழ்ந்திருந்தது. “அந்த நாற்காலியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மொத்தம் இருபத்தொன்பது நிமிடம். அதற்குள் பசிக்காது, கால் வலிக்காது. தேநீர்தான் கிடைக்காது.”

“நீளமா இருக்குதுன்னு ஒருக்கா உன்னைய வெட்டிப் போட்டாங்க. அவங்களுக்கு நீ யாருன்னு தெரியாது. எனக்குத் தெரியும். எனக்கு வேணுங்கறதுக்காக இந்த ஊர்லயிருந்து மறுபடியும் உன்னைய வெட்டறதுக்கு, நான் என்ன கத்தரிக்கோலா?” கலாமணியின் குரல் உயர்ந்தது. “அவருக்குத் தெரிஞ்சா என்னைய என்னன்னு நெனைப்பாரு?”

வெற்றிலை அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். “அவ அழுவறா பாரு, எறங்கிப் போ சாமி. வெத்தலைய நான் வெயில்ல கிள்ளாட்டி என்ன?”

வசுமதி இறங்கினாள்.

அன்று மாலையே மன்றம் கூடிற்று. நான்கு நாள் கடிதத்தை மறைத்த குற்றத்தைச் செயலாளரே எழுந்து படித்தார். மன்னிப்பைத் தலைவர் ராக்கியப்பன் வழங்கினார். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“இத்தனை வருசம் மனுப் போட்டுட்டு, இப்ப அந்தக் காட்சி வேண்டாங்கறதுங்களா?” என்றார் யூசுப் பாய்.

“வேண்டாம்னு யாரு சொன்னா? நம்ம மனுவுல அஞ்சாவது கோரிக்கையப் படிங்க பாய்” என்றாள் கலாமணி.

யூசுப் பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வசுமதியின் வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தார். “‘கீறல், தூசி, ஒலியின்மை முதலிய எக்குறை இருப்பினும், காட்சிகளை உள்ளவாறே தருக.’”

“நாற்காலி காலியா இருக்கறதும் ஒரு குறை. அவ்வளவுதான். உள்ளது உள்ளவாறு.”

“காலி நாற்காலிய யாருங்க பாப்பாங்க?” என்றார் ராக்கியப்பன்.

“நாம வருசா வருசம் காலித் திரையவே பாத்தவங்க, அண்ணா.”

அதற்குமேல் விவாதம் நடக்கவில்லை. மறுநாள் முதல் மனுக்கள் போயின; பதினேழு பேர் மட்டுமல்லர், ஊசிக்காரர்கள், முறக்காரர்கள், தொட்டில் வீட்டுத் தாய்மார்கள், குடும்ப அட்டை அலுவலர், விசிலைப் பையில் வைத்திருந்த நடத்துநர் என ஊரே கையெழுத்திட்டது. தான் இல்லாத காட்சியை உலகம் பார்க்க வேண்டுமென்று கேட்கும் அம்மனுக்களை எழுதியவள் வசுமதி. ஒவ்வொன்றிலும் ஏழு சொற்கள்: நாற்காலி காலியாகவே இருக்கட்டும், காட்சியை மட்டும் எங்களுக்குத் தாருங்கள்.

மாதக் கடைசிக்கு முந்தின நாள் நிறுவனத்தின் அதிகாரி சேர்மராஜ் காரில் வந்து இறங்கினார். களைத்த மனிதர். காலி நாற்காலியை இத்தனை பேர் கேட்பது ஏன் என்று தெரிந்துகொண்டு போக வந்ததாகச் சொன்னார். ராக்கியப்பன் அவருக்குத் தேங்காய் பன்னும் டீயும் வைத்தார். எதிர்மேசையில் வசுமதி ஒருவருக்குச் சாதிச்சான்றிதழ் மனு எழுதிக்கொண்டிருந்தாள். சேர்மராஜ் அவள் முகத்தின் இடப்பக்கத்தைப் பார்த்தார். மூடியிருந்த வானத்தைப் பார்த்தார். அவள் எழுந்து ஓசையில்லாமல் நடந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அமர்ந்ததைப் பார்த்தார்.

“மூணு மாசமா அந்தச் சுருளை ஒவ்வொரு ஃபிரேமாத் தொடச்சிட்டிருக்கேன்” என்றார் மெதுவாக. “அந்த நாற்காலி மேல ஒரு வெயில் மட்டும் விழுந்துகிட்டே இருக்கும். எதுமேல விழுதுன்னு தெரியாம எனக்குத் தூக்கமே வரல.”

“இப்பத் தெரிஞ்சுதுங்களா?” என்றாள் கலாமணி.

“தெரிஞ்சுதுங்க.”

“இன்னொரு பன்னு வெக்கட்டுங்களா?” என்றார் ராக்கியப்பன்.

“வைங்க” என்றார் சேர்மராஜ்.

தை மாதம் வட்டு வந்தது. உறையில் ஆற்றங்கரையும் அஞ்சலகப் படிக்கட்டும். கையிலெடுத்தால் கனக்கும் கையேடு. படம் உருவான கதைச் சிறுபடத்தில் இரண்டாம் நிமிடத்தில் ஒரு மின்பணியாளரின் கையில் ஐயத்துக்கு இடமின்றித் தேங்காய் பன். அதை ராக்கியப்பன் பதினோரு முறை ஓடவிட்டுப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். மழை ஆறு திசையிலிருந்தும் பெய்தது. யூசுப் பாய் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். அதற்குப் பிறகு எல்லாரும் நகர்ந்து, முன்வரிசையின் நடுவிலிருந்த நாற்காலியைக் கலாமணிக்கு விட்டார்கள். வசுமதி பக்கத்தில் அமர்ந்தாள். திறந்திருந்த கதவு வழியே பத்து மணி வெயிலும் அவளுடைய எட்டரை மணி வெயிலும் தரையில் அடுத்தடுத்துக் கிடந்தன. யூசுப் பாய் பட்டியலில் இறங்கி, ‘நீக்கப்பட்ட காட்சிகள்’ என்னும் இடத்தில் பொத்தானை அழுத்தினார்.

அஞ்சலகத்தின் உட்புறம். கம்பிச் சன்னல். இந்தப் பக்கம், கேமராவுக்கு அருகில், முதுகு மட்டும் தெரியும் காலி நாற்காலி. ஒரு கை குறுக்கே கிளாப் பலகையைத் தட்டிவிட்டு விலகிற்று. கதவருகில் நின்றிருந்த நல்லசிவம் வந்தான்.

நடந்து வந்தான். நீலச்சட்டையின் கைகளை மடித்துவிட்டிருந்தான். இடக்கையின் பெருவிரல் நகத்தில் காயில் கட்டிய வார்னிஷ் கறை. கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று, எச்சில் விழுங்கிவிட்டு, நாற்காலி இருந்த இடத்தை, அதாவது நேரே கலாமணியைப் பார்த்து, வாயைத் திறந்தான்.

“அம்மிணி, ஒரு தந்தி அடிக்கோணுங்க.”

திரையில் அவன் பதிலுக்காக நின்றான். யாரும் பேசவில்லை, கேமரா சுழலும் ஒலி மட்டும் கேட்டது. அவன் புருவத்தை உயர்த்தினான்; காத்திருந்தான்; காத்திருக்கக் கூச்சப்பட்டுப் புன்னகைத்தான்.

“இந்த இடத்தில் எனக்கொரு வசனம் உண்டு அக்கா” என்று வசுமதி அவள் காதருகில் சொன்னாள். “‘யாருக்கு’ என்று கேட்க வேண்டும். கேளுங்கள். அவர் நிற்கிறார்.”

“நானா?”

“நாற்காலியில் நீங்கள்தானே அமர்ந்திருக்கிறீர்கள்?”

கலாமணி முன்னால் நகர்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.  

“யாருக்குங்க?”

நல்லசிவத்தின் முகம் மலர்ந்தது.

“எங்கூட்டுக் கலாமணிக்குங்க. நான் வர நேரமாவும், காத்துக்கிட்டு இருக்க வேண்டாம், நீ உண்டுபோட்டுப் படுத்துக்கன்னு அடிங்க.” பிறகு, காட்சியில் இல்லாத யாரையோ பார்த்து, “சரியாச் சொன்னனுங்களா?” என்றான். யாரோ சிரித்தார்கள். முதல் டேக் முடிந்தது.

மைதா மூட்டை அறையில் பதினாறு பேரும் கூரையையும் தரையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யூசுப் பாயின் பெருவிரல் நிறுத்தும் பொத்தானின்மேல் நின்றது.

“நிறுத்தட்டுமாக்கா?”

“வேண்டாம் பாய்.” கலாமணி கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, துடைத்தால் திரை மறையும். “சரியாத்தான் சொன்னீங்க” என்றாள், பாயிடமன்று. பிறகு கையை மட்டும் பின்னால் நீட்டினாள். “ராக்கியண்ணா, எனக்குப் பசிக்குது. ஏதாவது குடுங்க.”

ராக்கியப்பன் ஓடிப்போய் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கிய பன்னைத் தாளில் வைத்துக் கொண்டுவந்தார். அவள் அதைப் பிய்த்து உண்ணத் தொடங்கினாள்; திரையில் அந்தக் கை மறுபடியும் பலகையைத் தட்டிற்று; இரண்டாம் டேக்கில் நல்லசிவம் கதவருகிலிருந்து மறுபடியும் நடந்து வந்தான்; இன்னும் ஐந்து டேக்குகள் மீதியிருந்தன.